மீட்புக் கிரயம்: ஐந்து வருஷத்தில் திரும்பி வந்த வீடு

போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது இரண்டு பொருள்கள் சேர்ந்தே கிடைத்தன. ஒன்று, பிரெஞ்சில் எழுதப்பட்ட ஒரு கிரயப் பத்திரம், தேதி 14 ஜூன் 1951. மற்றொன்று, அம்மாவின் கணக்கு நோட்டு, அட்டை போய் நூல் தெரிகிறது. அம்மா இந்த இரண்டையும் ஒரே துணியில் முடிந்து வைத்திருந்தார்.

பத்திரத்தை நான் முதலில் படித்தது பதினாலு வயதில். அப்போது நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதை என் கையில் கொடுத்து, "உரக்கப் படிச்சு அர்த்தம் சொல்லுடா" என்றார். கையெழுத்துப் போட்டு பதிமூன்று வருஷம் கழித்துத்தான், தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று வரி வரியாகக் கேட்டார். எங்கள் வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

அத்தை கலியாணத்துக்காக அப்பா வீட்டை 1200 ரூபாய்க்கு விற்றார். சாதாரண விற்பனை இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் 'வாந்த் ஆ ரெமெரே' என்று ஒரு முறை உண்டு. எங்கள் வீட்டில் அதை மீட்புக் கிரயம் என்பார்கள். விற்றவர் குறித்த கெடுவுக்குள் விலையையும் பத்திரச் செலவையும் திருப்பிக் கொடுத்தால் சொத்து அவருக்கே வந்துவிடும். கெடு தாண்டினால் வாங்கியவருக்கே நிலைத்துவிடும். இடைப்பட்ட காலத்தில் விற்றவரே அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பார். எங்களுக்கு வாடகை மாதம் 12 ரூபாய். 1200-க்கு 12 என்றால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று கணக்குத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பத்திரத்தில் 'வட்டி' என்ற சொல்லே இல்லை.

இந்த முறைக்கு வயது அதிகம். ரோமானியர் காலத்திலேயே, விற்றதைத் திரும்ப வாங்கும் ஒப்பந்தம் இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்தபோது, கடனுக்கு விற்பனை வேஷம் போட்டுவிட இது கை கொடுத்தது. நெப்போலியன் காலத்தில் 1804-ல் வந்த சிவில் சட்டம் இதை ஒழிக்காமல் வேலி போட்டது: 1660-ஆம் பிரிவின்படி கெடு ஐந்து வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. அடுத்த பிரிவு அதைவிடக் கடுமை. கெடு என்றால் கெடுதான், நீதிபதிகூட அதை நீட்டிக்க முடியாது. அந்தச் சட்டம் 1819 ஜனவரியில் புதுச்சேரிக்கு வந்தது. கலியாணம், வாரிசு போன்றவற்றில் அவரவர் வழக்கம் நீடித்தது. ஆனால் நொத்தேர் முன்னால் எழுதும் கிரயத்தில் பாரீசில் என்ன சட்டமோ அதுதான் முதலியார்பேட்டையிலும்.

இதில் ஒரு வேடிக்கை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது அப்போது சென்னை ராஜதானி, தென்னார்க்காடு ஜில்லா. அங்கே 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். இதே மாதிரி, திருப்பித் தருவதாக எழுதிய கிரயத்தை அங்கே கோர்ட் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். திருப்பித் தரும் ஷரத்து அதே பத்திரத்தில் இருந்து, உள்ளபடி அது கடன்தான் என்று தெரிந்தால், விற்பனை என்று எழுதியிருந்தாலும் அடமானமாகவே எடுத்துக்கொள்ளும். அடமானத்தை மீட்க அன்றைய காலவரம்புச் சட்டம் கொடுத்த அவகாசம் 60 வருஷம்! எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 60. நடந்து போனால் கால் மணி தூரம்கூட இருக்காது.

போதாக்குறைக்கு 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்ததாகவே கணக்கு. இந்தச் செய்திகளெல்லாம் சந்தைக்கு வந்தவர் போனவர் வாய்வழியே இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. ஆகவே அப்பா மாதிரி ஆட்கள், "கெடு தப்பினா கோர்ட்டுல ஒரு வருஷம் கேட்டு வாங்கிக்கலாம்" என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பத்திரம் எழுதிய இடத்தில் குமாஸ்தா தமிழில் சொன்ன விளக்கமும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. அவர் பொய் சொன்னாரா, பாதி சொன்னாரா, அப்பாவுக்குப் பாதிதான் காதில் விழுந்ததா, தெரியாது.

இனி நோட்டுக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஒரு மில்லில் ஸ்டோர் கணக்கு வேலை, சம்பளம் 72. அம்மா துணியில் பூவேலை செய்து வெள்ளைக்காரர் வீடுகளுக்குக் கொடுப்பார், அதில் சராசரி 8. ஆக 80. சாப்பிட ஐந்து பேர்: அப்பா, அம்மா, ஆயா, அக்கா, அப்புறம் நான்.

முதல் ஏழு மாதம் மீட்புக்கு ஒரு காசுகூட ஒதுக்கவில்லை. கலியாணத்தில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை, சமையல்காரர் என்று சில்லறை பாக்கி 126 ரூபாய் நின்றது. மாதம் 18 வீதம் அதை முதலில் அடைத்தார் அம்மா. "பெரிய கடன் அஞ்சு வருஷம் பொறுக்கும், தெருவுல எதிர்ப்படற கடன் பொறுக்காது" என்பாராம். 1952 பிப்ரவரியிலிருந்துதான் நோட்டு ஒரு ஒழுங்குக்கு வருகிறது. மாதத் தொடக்கத்திலேயே 30 ரூபாய் தனியே போய்விடுகிறது: வாடகை 12, சீட்டு 10, தகர டப்பாவில் 8. மீதி 50-ல் அரிசி 20, மளிகை 9, காய் மீன் 6, விறகும் மண்ணெண்ணெயும் 5, பால் 4, துணி வைத்தியம் 4, கோயில் 1. கடைசி வரி 'அவர் செலவு'. அங்கே முதலில் 4 என்று எழுதி அடித்து 1 ஆக்கியிருக்கிறது. புதுவைவாசிகளுக்கு அந்த மூன்று ரூபாய் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். அதைப் பற்றி அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை, அம்மாவும் குத்திக்காட்டியதில்லை.

சீட்டு, 25 பேர் சேர்ந்த ஏலச்சீட்டு. அவசரக்காரர்கள் தள்ளி எடுப்பார்கள். அம்மா கடைசி ஆளாக முழுசாக 250 எடுத்தார். முடிந்த மறுமாதமே, 1954 மார்ச்சில், இன்னொன்று. ஆயாவுக்கு மட்டும் இந்த ரூபாய்க் கணக்கு பிடிபடவே இல்லை. அவர் கடைசிவரை பணக் கணக்குத்தான், எட்டுப் பணம் ஒரு ரூபாய். "மாசம் எண்பது பணம் சீட்டுக்காரனுக்கா!" என்று அங்கலாய்ப்பாராம்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஊரெல்லாம் கொண்டாட்டம். இனிமேல் இந்தியச் சட்டம்தான், பழைய கெடுவெல்லாம் போயிற்று என்று அப்பா சந்தோஷப்பட்டிருக்கிறார். அவர் மட்டுமில்லை, பலரும் அப்படி நினைத்தார்கள். ஆனால் நிர்வாகம் மாறியதே தவிர சட்டம் மாறவில்லை. சட்டப்படியான இணைப்பே 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இந்தியாவின் சிவில் நடைமுறைச் சட்டம் போன்றவை 1968-ல்தான் இங்கே நீட்டிக்கப்பட்டன. எங்கள் 1951 பத்திரத்தின் மேல் பழைய 1660-ஆம் பிரிவு அப்படியே உட்கார்ந்திருந்தது. 1955 கடைசியில் அப்பா ஒரு வருஷ அவகாசம் கேட்கலாமா என்று, கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்த பக்கத்துத் தெருக்காரரைப் போய்க் கேட்டார். அவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஜூன் 14 சாயந்திரத்தோட சரி" என்றாராம்.

அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று அக்கா சொல்வார்.

மறுநாள் அம்மா கணக்குப் போட்டார். அந்தப் பக்கம் நோட்டில் இருக்கிறது. வேண்டியது, விலை 1200, பத்திரச் செலவு 65, ஆக 1265. சீட்டு இரண்டு 500. டப்பாவில் ஜூனுக்குள் சேரக்கூடியது 430. குறைவது 335. அம்மா கையில் மூன்று சவரன் வளையல் இருந்தது. அப்பா அடகு வைக்கலாம் என்றார். அம்மா விற்கச் சொன்னார். அடகு வைத்தால் வட்டி என்று இன்னொரு வரி நோட்டில் ஏறும், அதற்கு இடமில்லை என்பது அவர் கட்சி. அப்போது சவரன் அறுபது ரூபாய்ச் சுற்றில் இருந்தது, 180 வந்தது. மீதி 155-ஐ அத்தை தந்தார். யாருடைய கலியாணத்துக்காக வீடு போனதோ அவரே. அத்தை வீட்டில் கறவை மாடு ஒன்று குறைந்தது என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பணம் சேர்ந்தும் வேலை முடியவில்லை. வீட்டை வாங்கியவர் சைகோனில் சம்பாதித்துத் திரும்பியவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், வாடகை இரண்டு நாள் தாமதமானால் முகம் சுளிக்காதவர். ஆனால் மே மாதம் அப்பா போனபோது "காரைக்கால் போயிட்டு வந்து பேசுவோம்" என்றார். மறுபடி போனபோது "நல்ல நாள் பார்ப்போம்" என்றார். மொழிபெயர்ப்பாளர்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். உய்சியே, அதாவது கோர்ட் அமீனா மாதிரி உத்தியோகஸ்தர், அவரைக் கூட்டிக்கொண்டு போய், பணத்தைக் காட்டி, கொடுக்க வந்தோம் என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள் என்றார். வாங்க மறுத்தால் பணத்தைச் சட்டப்படி டெபாசிட் செய்துவிடலாம், கெடு தப்பிற்று என்று எவரும் சொல்ல முடியாது. ஜூன் 4-ஆம் தேதி அப்படியே போனார்கள். உய்சியேவைப் பார்த்ததும் சைகோன்காரர் சிரித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு துரைமாரெல்லாம்?" என்று சொல்லி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் நொத்தேர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

1971-ல் நான் அரசாங்க வேலைக்குப் போன பிறகு, கடனின் மறுபக்கத்தையும் பார்த்தேன். சம்பளப் பட்டியல் போடும் பிரிவில், கோர்ட் ஜப்தி உத்தரவு வந்த பேர்களைச் சிவப்பு மையில் குறித்து வைப்போம். சம்பளத்தில் எவ்வளவு தொடலாம், எவ்வளவு தொடக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் கணக்கு உண்டு. சேமநல நிதியைத் தொடவே முடியாது. 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 17-வது விதி, அரசு ஊழியன் தீராக் கடனாளியாக இருக்கக்கூடாது என்கிறது. அந்த விதியைச் சுட்டி நானே மெமோ டைப் அடித்திருக்கிறேன். வாங்கிக்கொண்டவர்களில் பலருக்கு, தாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருந்தது என்று மெமோ வந்த பிறகுதான் தெரியும். இத்தனைக்கும் அவர்கள் படித்தவர்கள்.

பிரான்சில் இந்த ரெமெரே இன்னும் ஒழியவில்லை. கடனில் முழுகிய குடும்பங்கள் வீடு ஏலத்துக்குப் போகாமல் தடுக்க இதைக் கையாள்கிறார்களாம். கெடு இன்றும் ஐந்தே வருஷம்தான்.

1956 ஜூலைப் பக்கத்தைப் பார்த்தேன். வீடு நம்முடையதாகிவிட்டது, வாடகை வரி போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. வாடகை 12 என்று அப்படியே இருக்கிறது, எதிரே சின்ன எழுத்தில் 'அத்தைக்கு'. பதிமூன்று மாதம் அப்படியே போகிறது, மொத்தம் 156. ஒரு ரூபாய் கூட. அதற்கு அடுத்த மாதமும் வாடகை 12, எதிரே 'போஸ்டாபீஸ்'. 1966-ல் அக்கா கலியாணம் வரைக்கும் ஒரு மாதம்கூட விடாமல் அந்த வரி இருக்கிறது.