லைக் வருது, ஆர்டர் வரலையே! சிறு வியாபாரம் எந்த எண்ணைக் கவனிக்கணும்?

வீட்டில் முறுக்கு செய்து விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போட்ட வீடியோவுக்கு 2,000 வியூஸ், 180 லைக். தோழிகள் எல்லாரும் "சூப்பர்!" என்று கமெண்ட் போட்டுவிட்டார்கள். இன்ஸ்டாகிராமும் தன் பங்குக்கு, "இந்தப் பதிவு நன்றாகப் போகிறது, பூஸ்ட் செய்யுங்கள்" என்கிறது.

120 வெள்ளி கேட்கிறது. போடலாமா?

அதற்கான பதில் அந்த 2,000இல் இல்லை.

வியூஸ் என்பது என்ன?

வீடியோ எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு. ஒருவரே மூன்று முறை பார்த்தால் அது மூன்று. எத்தனை கணக்குகளைச் சென்றடைந்தது என்பதைச் சொல்வது ரீச். 2024ஆம் ஆண்டிலிருந்து இன்ஸ்டாகிராம் வியூஸைத்தான் முன்னால் காட்டுகிறது. இரண்டில் அதுதான் பெரிய எண், பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால் பார்த்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? 'இன்சைட்ஸ்' பக்கத்தில் நாடு, நகரம் வாரியாகப் பார்க்கலாம். பாதிப் பேர் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தால், தெம்பனிஸிலிருந்து ஜூரோங் வரை மட்டும் டெலிவரி செய்யும் உங்களுக்கு அதனால் என்ன பயன்? லைக்கைவிட 'சேவ்' செய்தவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் உபயோகமானது. அப்புறம் வாங்கலாம் என்று நினைப்பவர்தான் பெரும்பாலும் சேவ் செய்வார்.

அப்படியானால் முக்கியமான எண் எது?

ஒரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவர எவ்வளவு செலவாகிறது, அவர் வாங்குவதில் உங்கள் கையில் எவ்வளவு நிற்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு டப்பா முறுக்கு 12 வெள்ளி. மாவு, எண்ணெய், கேஸ் 4 வெள்ளி. டப்பா, லேபிள் 1 வெள்ளி. டெலிவரியில் உங்கள் பங்கு 1 வெள்ளி. மிஞ்சுவது 6 வெள்ளி.

ஜிஎஸ்டி உட்பட 120 வெள்ளிக்கு விளம்பரம் செய்து, 15 புதியவர்கள் ஆளுக்கு ஒரு டப்பா வாங்கினார்கள். விற்பனை 180 வெள்ளி. "120 போட்டேன், 180 வந்துச்சு" என்று தோன்றும். உண்மையில் 15 டப்பாவுக்கும் மிஞ்சியது 90 வெள்ளிதான். ஒருவரைக் கொண்டுவர 8 வெள்ளி செலவு, அவரிடமிருந்து கிடைத்தது 6 வெள்ளி. மொத்தம் 30 வெள்ளி நட்டம். அதுவும் உங்கள் உழைப்புக்கு ஒரு காசுகூடப் போடாமல்!

அதற்காக விளம்பரமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அந்த 15 பேரில் 5 பேர் அடுத்த மாதம் இன்னொரு டப்பா வாங்கினால் 30 வெள்ளி திரும்பி வந்துவிடும். அல்லது முதல் தடவையே இரண்டு டப்பாவாக விற்றால், ஒருவரிடமிருந்து 12 வெள்ளி நிற்கும். 8 வெள்ளி செலவு அப்போது வலிக்காது. ஆக, பூஸ்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டியது: என்னிடம் ஒரு முறை வாங்கியவர் திரும்பி வருகிறாரா?

ஆர்டர் எங்கே நழுவுகிறது?

40 பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்தார்கள், 15 பேர் வாங்கினார்கள் என்றால், விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி 25 பேர் உங்கள் சாட்டில்தான் காணாமல் போனார்கள். உட்கார்ந்து அந்த உரையாடல்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். டெலிவரி கட்டணம் சொன்னதும் அமைதியானார்களா? காலையில் கேட்டவருக்கு ராத்திரி பதில் போட்டீர்களா? விலையைப் பதிவில் போடாமல் 'டிஎம் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால், பாதிப் பேர் விலை கேட்க மட்டுமே வந்திருப்பார்கள். இதற்கெல்லாம் விளம்பரப் பணம் தீர்வாகாது.

மெட்டாவின் விளம்பரப் பக்கம் இதைச் சொல்லாது. வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் விளம்பரத்தில், எத்தனை உரையாடல்கள் தொடங்கின என்றுதான் அது காட்டும். பேநவ்வில் பணம் வந்ததா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

யார் எங்கிருந்து வந்தார் என்று எப்படித் தெரியும்?

வாட்ஸ்அப்பில் சாட்டைத் திறக்கும் இணைப்பில், முன்கூட்டியே எழுதிய செய்தியைச் சேர்க்கலாம். இன்ஸ்டாகிராமில் போடும் இணைப்பில் "வணக்கம், இன்ஸ்டாவில் பார்த்தேன்" என்றும், டிக்டாக்கில் போடுவதில் "டிக்டாக்கில் பார்த்தேன்" என்றும் வையுங்கள். டப்பாவில் ஒட்டும் கியூஆர் குறியீட்டுக்கு இன்னொன்று. அவர்கள் அனுப்பும் முதல் செய்தியே வந்த வழியைச் சொல்லிவிடும்.

பிறகு ஒரு கூகல் ஷீட் போதும். தேதி, புதியவரா பழையவரா, எங்கிருந்து வந்தார், எவ்வளவுக்கு வாங்கினார். நாலே நாலு கட்டம். கட்டணம் கட்டி வாங்கும் மென்பொருளெல்லாம் இந்த அளவு வியாபாரத்துக்குத் தேவையில்லை. "அத்தை சொன்னாங்க", "ஆபீஸில் சாப்பிட்டுப் பார்த்தேன்" என்று வருபவர்களையும் மறக்காமல் எழுதுங்கள். எந்தத் தளத்தின் அறிக்கையிலும் அவர்கள் தெரியமாட்டார்கள்.

போன வருஷத்தோடு ஒப்பிடலாமா?

நம் வியாபாரங்கள் சறுக்கும் இடம் இதுதான். தீபாவளி 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. அக்டோபர் மாத விற்பனையை அக்டோபரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். 2026 அக்டோபர் தொடக்கத்தில் ஆர்டர் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பதறி, விலையைக் குறைக்கவோ விளம்பரத்தைக் கூட்டவோ தோன்றும். அவசரப்படாதீர்கள். பண்டிகை தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய நாள் 2025இல் செப்டம்பர் 29, 2026இல் அக்டோபர் 18. இந்த இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். பொங்கலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, சின்ன எண்களை ரொம்ப நம்பவேண்டாம். ஒரு விளம்பரத்தில் 3 ஆர்டர், இன்னொன்றில் 5 ஆர்டர் என்றால் இரண்டாவதுதான் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வாங்கினால்கூட அந்த வித்தியாசம் வந்துவிடும். சில வாரங்கள் ஓடட்டும்.

சேர்த்த எண்களுக்கெல்லாம் விளம்பரம் அனுப்பலாமா?

அனுப்புவதற்கு முன் கேளுங்கள். முறுக்கு வாங்கக் கொடுத்த தொலைபேசி எண், விளம்பரம் அனுப்பக் கொடுத்த அனுமதி ஆகாது. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்யும் தனிநபர்களுக்கும் பொருந்தும். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்தவர்களைப் பாதுகாக்கும் விதிகளில் வாட்ஸ்அப் செய்தியும் அடங்கும். ஆர்டர் எடுக்கும்போதே "புதுப் பலகாரம் வந்தால் மெசேஜ் அனுப்பலாமா?" என்று கேட்டு, அந்தப் பதிலை ஷீட்டில் ஐந்தாவது கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.