பட்டறை வாசலும் பயிற்சிச் சான்றிதழும்

திருச்சி ஜங்ஷனுக்குத் தெற்கே மன்னார்புரத்தை நடுவில் வைத்துப் பார்த்தால், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது என்ற யோசனையின் நீண்ட வரலாறு சில மைல் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். கிழக்குப் பக்கம் பொன்மலை ரயில்வே பட்டறை. அதையும் தாண்டித் தஞ்சாவூர் சாலையில் போனால் திருவெறும்பூர் அரசு ஐடிஐ, பொதுத்துறையின் பெல் கொதிகலன் ஆலை, துவாக்குடியின் சிறுதொழில் பட்டறைகள். ஒவ்வொரு கோடையிலும் பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு இந்தப் பகுதி வீடுகளில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: பையனை எதில் சேர்ப்பது? பயிற்சி கொடுத்தால் வேலை தன்னால் வரும் என்பது அரசுகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில். திருச்சியின் அனுபவம் அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. இங்கே முதலில் வந்தது வேலை. பயிற்சி அதன் நிழலில் முளைத்தது. வேலையின் பக்கத்தில் நின்றவரை பயிற்சி பல குடும்பங்களைத் தூக்கிவிட்டது. வேலையிலிருந்து பிரிந்ததும் மலிவான உழைப்பாகவோ வெறும் சான்றிதழாகவோ சுருங்கிவிட்டது.

யோசனை பழையது. 1850-லேயே கம்பெனி அரசு தொழில் பழகுநர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அநாதைகளும் தருமத்தில் வளரும் ஏழைக் குழந்தைகளும் ஒரு தொழிலைக் கற்றுப் பிழைக்க வழி செய்வது அதன் நோக்கம். பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருக்கும் பிள்ளையை, அதிகபட்சம் ஏழு ஆண்டுக்கு, ஒரு முதலாளியிடம் ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்கலாம். ஏழைப் பிள்ளை சும்மா திரியக் கூடாது என்ற கவலை அந்தச் சட்டத்தில் தெரிகிறது. ஏழு ஆண்டு முடிந்தபின் அவன் எங்கே போவான் என்பது அதன் கவலையாக இல்லை. இந்த மனப்பாங்குக்குப் பிற்காலத்தில் எத்தனையோ புதுப் பெயர்கள் கிடைத்தன.

பொன்மலையின் கதை வேறு மாதிரித் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு வந்தது. வரும்போது எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. புதிய இயந்திரங்களுக்கு இத்தனை பேர் தேவையில்லை என்று முடிவு செய்த நிர்வாகம், யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கத் தொழில் தேர்வு வைத்தது. பல ஆண்டு இரும்போடு பழகிய கையைச் சில மணி நேரத்தில் அளந்து சீட்டைக் கிழிக்கும் ஏற்பாடு என்று தொழிலாளர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். 1928 ஜூலை வேலைநிறுத்தத்துக்கு இதுவும் முக்கியக் காரணம். தொழிற்சங்கத் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். திறமை, தேர்ச்சி போன்ற சொற்கள் எப்போதும் தொழிலாளியின் பக்கம் நிற்பதில்லை என்பதற்குத் திருச்சி வட்டாரத்திலேயே கிடைக்கும் முதல் சான்று இது. அந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஆனாலும் பொன்மலை நிலைத்தது. கூலியும் குடியிருப்பும் ஓய்வுக்குப் பின் கொஞ்சம் பாதுகாப்பும் உள்ள வேலை என்ற பெயர் அதற்கு வந்தது. அந்தப் பெயரும் இனாமாக வந்ததல்ல. 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள்மேல் மலபார் சிறப்புப் போலீசு சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பின் வந்த தலைமுறையில் பொன்மலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த பையன், இப்படி விலை கொடுத்து வாங்கப்பட்ட ஒரு வேலையின் வாசலில் நின்றுதான் ஃபிட்டர் வேலையும் கடைசலும் கற்றான்.

இந்த இடத்தில் 1953-ஐத் தாண்டிப் போக முடியாது. ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்துப் போராடினார்கள். அடுத்த ஆண்டு முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். அன்று முதல், ஏழைப் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி என்றாலே தமிழ்நாட்டில் ஒரு சந்தேகம் எழும். அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் குலக்கல்வியின் குற்றம் கையால் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுத்ததில் இல்லை. அப்பன் செய்த வேலையிலேயே மகனை நிறுத்த முனைந்ததில்தான் இருக்கிறது. பொன்மலை, பெல் வாசல்களில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1965-ல் பெல் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, சுற்றுவட்டாரக் கிராமங்களின் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள் ஐடிஐ முடித்து வெல்டர்களானார்கள். 1975-ல் அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தபோது, பற்றவைப்பு இந்த ஊரின் அடையாளத் தொழில்களில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது. அப்பன் கனவிலும் கண்டிராத தொழில் அது.

இந்தக் காலத்துக்கான சட்டம் 1961-ன் தொழில் பழகுநர் சட்டம். பயிற்சிக் காலம் முழுக்க உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. பயிற்சியை ஏழைக்கு எட்டும்படி செய்தது இந்த ஒரு விதிதான். வீட்டுக்குக் கூலி கொண்டுவர வேண்டிய பதினேழு வயதுப் பையன் இலவசப் பயிற்சிக்குக்கூட வர முடியாது. இலவசம் என்பது கட்டணம் இல்லை என்பதை மட்டுமே குறிக்கும், அவன் இழக்கும் கூலியைத் திருப்பித் தராது. ஆனால் அதே சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. பிரிவு 18, பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர், ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது. பிரிவு 22, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்கும் கடமை முதலாளிக்கு இல்லை என்றது. பொதுத்துறை ஆள் எடுத்துக்கொண்டிருந்த வரை இந்த இரண்டு பிரிவுகளும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. நியமனங்கள் மெலிந்தபோதுதான் பற்கள் வெளியே தெரிந்தன. ஒரு தொகுதி பழகுநர்கள் ஓராண்டு வேலை செய்துவிட்டுப் போவார்கள். அடுத்த தொகுதி வரும். நிரந்தர இடம் காலியாகவே கிடக்கும்.

நீதிமன்றமும் இதைக் கவனிக்காமல் இல்லை. உத்தரப்பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. வயது வரம்பிலும் பயிற்சிக் காலத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னது. ரயில்வே பின்னாளில் கடைநிலைப் பணிகளில் 20 சதவீதத்தைப் 1961 சட்டப்படிப் பயிற்சி முடித்த ஆக்ட் அப்ரண்டிஸ்களுக்கு ஒதுக்கியது. அதற்கும் அவர்கள் பொதுத் தேர்வு எழுத வேண்டும். பட்டறையில் கை பழகியவன், டிராக்மேன் வேலைக்குப் பொது அறிவுக் கேள்விக்கு விடை எழுதித் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2018 மார்ச்சில் மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே வேலை கேட்டுத் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் இந்த அப்ரண்டிஸ்கள்தான்.

உதவித்தொகையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்றால் தொழில் பழகுதல் எப்படி ஆகும் என்பதையும் திருச்சி மாவட்டமே காட்டியிருக்கிறது. செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் இங்கே தலைமுறைகளாக நடப்பது. பள்ளி விடுமுறையில் வேலை பழக விட்ட பிள்ளை அங்கேயே தங்கிவிடுவது அதில் வழக்கம். மானிடவியலாளர் கரின் கபாடியா 1995-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, முன்பணம் எப்படித் தொழிலாளியைப் பட்டறையோடு கட்டிப்போட்டது என்பதை விவரிக்கிறது. கற்றுக்கொடுத்தவனிடமே கடன்பட்டிருப்பவன் அந்தத் திறமையை வேறு இடத்தில் விற்க முடியாது. பொன்மலைப் பையனுக்கும் இவனுக்கும் கைத்திறனில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. பயிற்சிக் காலத்துக் கூலியை யார் கொடுத்தார்கள், எந்தப் பெயரில் கொடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பயிற்சி வேலையின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. பொன்மலைப் பெருமை பேசுவது வெறும் பழைய ஏக்கம், அந்த வாசல் எப்போதும் குறுகலாகத்தான் இருந்தது, ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வழி தெரியும், பெண்களுக்கு இடமே இல்லை என்பது முதல் மறுப்பு. ஏற்க வேண்டியதுதான். ஆனால் வாசல் குறுகலாக இருந்தது என்பது அதை அகலமாக்கச் சொல்லும் காரணம். வாசலே இல்லாத இடத்தில் வகுப்பறை கட்டுவதற்கான காரணம் ஆகாது. இரண்டாவது மறுப்பு கனமானது. பயிற்சி தருபவன் எல்லாருக்கும் வேலையும் தர வேண்டும் என்றால் எந்த முதலாளியும் பயிற்சியே தரமாட்டான் என்கிறார்கள். எல்லாருக்கும் வேலை என்று யாரும் கேட்கவில்லை. காலியிடம் நிரப்பும்போது வாசலில் நிற்பவனை முதலில் பார் என்பதே 1995 தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு வந்ததால் எந்த ஆலையும் இழுத்து மூடப்படவில்லை.

மூன்றாவது மறுப்பு வெளிநாட்டு ஆய்வுகளிலிருந்து வருகிறது. அமெரிக்க நகரங்கள் 1960-களிலிருந்து ஏழை இளைஞர்களுக்குக் கோடைக்கால வேலை கொடுத்துவருகின்றன. சிகாகோவில் 2012 கோடையில் நடந்த திட்டத்தைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்த சாரா ஹெல்லர், வன்முறைக் குற்றக் கைதுகள் 43 சதவீதம் குறைந்ததாக 2014-ல் எழுதினார். ஆக, நிரந்தர வேலை கிடைக்காவிட்டாலும் பயன் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வெறும் வகுப்பு அல்ல. கோடை முழுக்கச் சம்பளத்தோடு ஒரு வேலை. நியூயார்க்கின் இதேபோன்ற திட்டத்தை ஆராய்ந்தவர்களும் அந்த ஆண்டு வருமானம் கூடியதையும், பிற்கால வேலைவாய்ப்பில் நீடித்த உயர்வு இல்லாததையும் கண்டார்கள். சம்பளத்தின் பலன் சம்பளம் இருந்த வரை தெரிந்தது. எதிர்காலத்தை மாற்ற வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு வேலையின் வாசல் திறந்திருக்க வேண்டும்.

நம் திட்டங்களில் சம்பளமும் வேலையின் வாசலும் தனித்தனியே அலைகின்றன. 1979-ல் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள கிராம இளைஞருக்காக வந்த டிரைசெம் திட்டம், சுயதொழிலுக்குப் பயிற்சி கொடுத்தது. வேலை கொடுப்பவர் என்று யாரையும் அது கட்டிப்போடவில்லை. இருபதாண்டு ஓடிவிட்டு 1999-ல் இன்னொரு திட்டத்துக்குள் கரைந்தது. இன்று தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐயிலோ கல்லூரியிலோ சேரும் பிள்ளைக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் வகுப்புகளை நடத்துகிறது. 2016 முதல் ஒன்றிய அரசு பழகுநர் உதவித்தொகையில் கால் பங்கை, 1500 ரூபாய் வரை, ஏற்கிறது. பணம் இருக்கிறது, பாடம் இருக்கிறது. பெல்லுக்கு வந்த அனல்மின் ஆர்டர்கள் குறைந்தபோது அதை நம்பியிருந்த திருவெறும்பூர், துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் படுத்ததும், அங்கே வேலை பழகியிருக்க வேண்டிய பையனின் இடம் போனதும் இந்தத் திட்டங்கள் எதன் கணக்கிலும் வராது. பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை அதனால் குறைந்துவிடாதே. 1961 சட்டத்தின் பிரிவு 22-ஐ 2014-ல் திருத்தினார்கள். பயிற்சி முடித்த பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது அது சொல்கிறது. அந்தக் கொள்கையில் என்ன இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.