சந்தையில் கேட்ட அரபுச் சொற்கள்: பல்லாவரம் முதல் மாமல்லபுரம் வரை

வெள்ளிக்கிழமைக்கும் வணிகத்திற்கும் உள்ள தொடர்பைத் திருக்குர்ஆனின் 62ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. தொழுகைக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் வணிகத்தை விட்டுவிட்டு விரைந்து வருமாறும், தொழுகை நிறைவேறியதும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறும் அது பணிக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில் வெள்ளிதோறும் கூடும் சந்தைக்குச் செல்லும்போதெல்லாம் இவ்வசனங்களே என் நினைவுக்கு வரும்.

ஆங்கிலேயர் காலத்தில் கால்நடைச் சந்தையாக விளங்கிய அது, இன்று பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்றது. ஓடாத கடிகாரங்கள், மிதிவண்டி உதிரிகள், பித்தளைப் பாத்திரங்கள், கழற்றிப்போட்ட மின்விசிறிகள், புறாக்கூண்டுகள், பூச்செடிகள், கருவாடு என அனைத்தும் பழைய நெடுஞ்சாலையின் இருமருங்கும் பரப்பப்பட்டிருக்கும். அங்கே பொருள் வாங்கியதைவிடச் சொற்களைப் பொறுக்கியதே எனக்கு மிகுதி.

சந்தைத்தெருவில் சில அடிகள் நடந்தாலே போதும். ‘பழைய சாமான்’ என்பதிலுள்ள சாமானும், எடைபோடும் தராசும், பணம் பெற்றதற்கான ரசீதும் பாரசீகச் சொற்கள். பொருள் எந்த ‘ரகம்’, எத்தனை ‘தினுசு’ என்கிறோமே, அவை முறையே அரபியின் ‘ரகம்’, ‘ஜின்ஸ்’ ஆகியவற்றின் தமிழ் வடிவங்கள். தர வேண்டிய மீதி ‘பாக்கி’. தண்டிய பணம் ‘வசூல்’. இளைய வணிகர்கள் ‘ஒரிஜினல்’ என்று கூவும் இடத்தில், முதியவர்கள் இன்றும் ‘அசல்’ என்கிறார்கள்.

இச்சொற்களைக் கேட்டதும் நம் உள்ளம் மகிழ்வது இயல்பே. அரபு வணிகர்கள் கடல்வழி வந்து இக்கரையில் விதைத்த சொற்கள் இவை என்று மேடைகளில் முழங்குகிறோம். நானும் வகுப்பறையில் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லிவந்தேன். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, “வசூல் என்பது வணிகச் சொல்லா, வரிச் சொல்லா, ஹஜ்ரத்?” என்று வினவினார். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. தேடிப் பார்த்தபோது, நான் கற்பித்துவந்தது பெரும்பாலும் தவறு என்பது புலனாயிற்று.

விடை செங்கல்பட்டின் வரலாற்றிலேயே கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பகுதி கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சிக்குள் வந்தது. 1687இல் முகலாயர் கோல்கொண்டாவை வென்றனர். அதன்பின் கர்நாடக நவாபுகள் தலையெடுத்தனர். இவர்கள் அனைவரின் அலுவல் மொழியும் பாரசீகமே. 1763இல் நவாப் முஹம்மது அலி, செங்கல்பட்டு வட்டாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். ஆட்சி கைமாறியபோதும் கச்சேரியின் சொற்கள் மாறவில்லை. ஜில்லா, தாலுகா, தாசில்தார், ஜப்தி, ஜாமீன் ஆகியவற்றைக் கம்பெனியாரும் அப்படியே கைக்கொண்டனர். வரி செலுத்தச் சென்ற குடியானவன் கச்சேரியில் கற்ற ‘வசூலும்’ ‘பாக்கியும்’ அவனுடனே சந்தைக்கும் வந்து சேர்ந்தன.

இதற்கு ஒலிச்சான்றும் உண்டு. அரபியின் ‘ளாத்’ எழுத்தைப் பாரசீகர் ‘ஸ’கரத்தின் அதிரொலியாக உச்சரிப்பர், அது தமிழில் ‘ஜ’ ஆகிறது. ஜில்லா, ஜப்தி, ஜாமீன் மூன்றும் அரபியில் ‘ளாத்’ எழுத்தில் தொடங்குவனவே. ஆனால், தலைமுறை தலைமுறையாக அரபியை நேரடியாக ஓதிவந்த நம் கடற்கரை மக்கள் ‘ரமளான்’ என்றனர். உருதுவின் வழி வந்த வடிவமோ ‘ரம்ஜான்’. ஆகவே ‘ஜ’கரம் ஏறிய இம்மூன்று சொற்களும் மரக்கலத்தில் வந்தவையல்ல, குதிரையேறித் தரைவழி வந்தவை.

அப்படியாயின் கடல் நமக்குத் தந்தது என்ன? ஜும்ஆ முடிந்ததும் அவ்வினாவோடு கோவளத்திற்குப் பேருந்து ஏறினேன்.

நவாபுகளின் காலத்தில் கோவளத்திற்குச் ‘சஆதத் பந்தர்’ என்றொரு பெயரும் வழங்கியது. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். 1752இல் இராபர்ட் கிளைவின் படை, பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் கைப்பற்றியது. கோவளம் கோட்டை தகர்க்கப்பட்டது. இன்று அவ்வூருக்கு மக்களை ஈர்ப்பது தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த தர்கா. அவர்கள் நபித்தோழர் என்பது தலைமுறைகள் போற்றிவரும் மரபுச் செய்தி. மரபைப் போற்றுவதும் ஆவணத்தைத் தேடுவதும் இருவேறு கடமைகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாகாது.

அங்காடித் தெருவில் அல்வாவும் சர்பத்தும் சமோசாவும் விற்கிறார்கள். அல்வாவின் வேர் இனிப்பைக் குறிக்கும் அரபுச் சொல்; சர்பத்தின் வேர் பருகுதலைக் குறிப்பது. சமோசா பாரசீகத்தின் ‘சன்போசா’. 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா, தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் விருந்தில் கொத்திய இறைச்சியும் பருப்பு வகைகளும் பொதிந்த இப்பண்டத்தைக் கண்டு தம் பயணநூலில் விவரித்திருக்கிறார். அதுவும் வடக்கிலிருந்து தரைவழி வந்ததுதான்.

மாலையில் மாமல்லபுரம் கடற்கரை. பல்லவர் துறைமுகமாக விளங்கிய ஊரில், கடற்கரைக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் தள்ளுவண்டிகள் வரிசையிட்டு நின்றன. வஞ்சிரம், வவ்வால், நெத்திலி என்று மசாலா தடவிய மீன்கள் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வண்டியில் தேங்காயும் மாங்காயும் கலந்த சுண்டல். தெருவுணவைப் பற்றிப் பேசுவது அறிஞர்க்கு அழகா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளருக்காக எழுதிய ஹிஸ்பா நூலில் மீன் பொரிப்போருக்கும் இனிப்புச் செய்வோருக்கும் தனித்தனி இயல்களே வகுத்துள்ளார். நான் செவிசாய்த்துக் கேட்ட அந்த மீன்களின் பெயர்களில் ஒன்றிலும் அரபுச் சாயல் இல்லை.

ஆயினும் அந்தக் கடல் ஒரு சொல்லைத் தந்திருக்கிறது: மாலுமி. இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழிகாட்டியவரை அரபியர் ‘முஅல்லிம்’ என்று அழைத்தனர். வகுப்பறையில் ஆசிரியரைக் குறிக்கும் அதே சொல்தான் தமிழ்க்கரையில் மாலுமி ஆயிற்று.

கடல்வழி வந்தவர்கள் இங்குக் கொண்டுவந்து சேர்த்த சொற்கள் ஏன் இத்துணைக் குறைவு? ஆட்சியாளன் தன் மொழியைப் பிறர் கற்கச் செய்கிறான். வணிகனோ வாங்குவோரின் மொழியைத் தானே கற்றுக்கொள்கிறான். அவ்வணிகர்கள் இங்கே மணமுடித்து, குடியமர்ந்து, தமிழராகவே ஆகிவிட்டனர். அதனாலன்றோ நம் இல்லங்களில் ‘நமாஸ்’ என்னாது தொழுகை என்கிறோம். ‘ரோஜா’ என்னாது நோன்பு என்கிறோம். இறையில்லத்தையும் பள்ளிவாசல் என்றே அழைக்கிறோம். வழிபாட்டையே தமிழில் பெயரிட்ட சமுதாயம், தன் வேரை மெய்ப்பிக்கச் சந்தையில் அரபுச் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வினா எழுப்பிய அம்மாணவருக்கு நான் இன்று தரும் விடை இதுவே: வசூல் வரிச் சொல், கச்சேரி தந்தது. தொழுகை நம் முன்னோர் தாமே தேர்ந்துகொண்ட சொல். இவ்விரண்டில் நம் வரலாற்றை உரத்துச் சொல்வது பின்னதே.