மடலோடு வரும் பொருள்

ஒரு மடலின் பயன் பல வேளைகளில் அம்மடலின் சொற்களில் இருப்பதில்லை. அதனோடு சேர்த்து அனுப்பப்பட்ட தாளிலேயே இருக்கின்றது. “பிறப்புச் சான்றிதழின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது” என்று ஒரு கந்தோர் எழுதுமாயின், பெறுவோருக்கு வேண்டியது அந்தப் பிரதியே. மடல் அதனைச் சுமந்துவரும் ஏவலாள் மாத்திரமே. கடல் சூழ்ந்த நிலத்தில் வாழ்வோர் இவ்வுண்மையை நன்கறிவர். நெடுந்தீவிலிருந்து ஒருவர் ஒரு தாளைப் பெறும்பொருட்டு யாழ்ப்பாணம் செல்வதாயின், வள்ளமேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். அதன்பின் புங்குடுதீவு, வேலணை என்னும் தீவுகளைப் பேருந்தில் கடந்து பண்ணைப் பாலத்தை அடைதல் வேண்டும். சோழகக் காற்றுக் கடுமையாக வீசும் நாட்களில் அப்பயணம் எளிதன்று. மடல் வந்தும் இணைப்பு வாராதொழிந்தால் அத்தகையவருக்கு ஒரு நாள் முழுவதும் வீணாகிவிடும்.

இக்காலத்தில் அத்தகைய மடல்களை மனிதர் கையால் எழுதுவது அருகிவிட்டது. வங்கிக் கணக்கறிக்கை, கட்டணப் பட்டியல், பயணச் சீட்டு, பரீட்சை அனுமதி அட்டை ஆகியவற்றைக் கணினியே உரிய கோப்பிலிருந்து எடுத்து, மின்னஞ்சலோடு இணைத்து, ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பிவிடுகின்றது. செய்நிரல் எனப்படும் கட்டளைத் தொகுதி ஒன்று அவ்வேலையைச் செய்கின்றது. இது புத்தம் புதிய கலையெனவே பலர் எண்ணுவர். ஆயினும், செய்தியோடு பொருளைச் சேர்த்து அனுப்புவதில் உள்ள இடர்ப்பாடுகள் மிகப் பழையவை. அவற்றுக்கு மக்கள் கண்ட பரிகாரங்களும் பழையவையே. அவற்றின் தடயங்கள் யாழ்ப்பாணத்துத் தீவகத்திலேயே உள்ளன.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து ஆட்சி செலுத்திய முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) தமிழ்மொழியில் பொறிப்பித்த ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம் என்றும் அவர்க்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அவ்வாணை கூறுகின்றது. மரக்கலம் உடைந்துபோனால் அதன் சரக்கை யாது செய்வது என்பதற்கும் அதில் விதியுண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இவ்விதியின் அமைப்பு நோக்கத்தக்கது. கலம் யாருடையது என்பதை மாத்திரம் அறிந்தால் போதாது; அதனுள்ளே இருக்கும் பொருள் எவ்வகையினது என்பதையும் அறிதல் வேண்டும். வகை தெரிந்தாலன்றி எந்த விதி பொருந்தும் என்று துறைமுக அதிகாரியால் தீர்மானிக்க இயலாது. சுமையின் வகையை வெளிப்படையாக அறிவித்தல் என்னும் முறை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தீவகத்துக் கடலில் வேரூன்றியிருந்தது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையும் இட்டனர். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கில வழக்கில் இன்றளவும் நிலைத்திருக்கின்றது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியாரின் ஆட்சி, தாள்களாலேயே நடைபெற்ற ஆட்சி என்று சொல்லலாம். அவர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய தாள்கட்டுகளில் மடல் மட்டும் இருப்பதில்லை; அறிக்கைகளும் கணக்குகளும் தீர்மானங்களின் பிரதிகளும் கூடவே இருக்கும். கட்டினுள் எவையெவை உள்ளன என்று வரிசையாகக் கூறும் ஒரு பட்டியலையும் அவர்கள் உடன்வைத்தனர். பல மாதம் கடலில் சென்று சேரும் கட்டினைப் பிரிப்பவர், பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு தாள் குறைந்தாலும் கண்டுகொள்வர். அக்கட்டுகள் பல, ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

நெடுந்தீவுக்குச் செல்வோர் பார்க்கும் பழஞ்சின்னங்களுள் புறாக்கூடு ஒன்று. தூண்போல எழுந்து, மேற்பகுதியில் வரிசை வரிசையாகப் பொந்துகள் அமைந்த கட்டடம் அது. ஒல்லாந்தர் காலத்தில் செய்தி அனுப்புவதற்குப் புறாக்களை இங்கே வளர்த்தனர் என்பது ஊர்வழக்கு. தூதுப்புறாவின் இயல்பு விந்தையானது. அது ஏவிய இடத்துக்கெல்லாம் செல்லாது. தான் வளர்ந்த கூட்டுக்கு மாத்திரமே திரும்பும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செய்தி விடவேண்டுமாயின், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த புறாவை முன்னதாகவே வள்ளத்தில் கொண்டுவந்து வைத்திருத்தல் வேண்டும். ஒருமுறை கையைவிட்டுப் பறந்தபின் அதற்கு வழிகாட்டுவாரும் இல்லை, திருத்துவாரும் இல்லை. காலில் கட்டியது எதுவோ அதுவே போய்ச் சேரும். கட்ட மறந்திருந்தால் வெறுங்காலோடு போய்ச் சேரும்.

புறாவின் மற்றொரு குறை, அது பெருஞ்சுமை தாங்காது என்பது. 1870–71ஆம் ஆண்டுகளில் பிரசிய சேனை பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, இக்குறைக்குப் பரிகாரம் காணப்பட்டது. றெனே தாக்ரோன் என்னும் நிழற்படக் கலைஞர் வாயுக் கூண்டிலேறி நகரைவிட்டு வெளியேறி, செய்தித் தாள்களை நுண்ணிய படங்களாகச் சுருக்கினார். மெல்லிய படலங்களில் பதிந்த அப்படங்களைச் சுருட்டி, இறகுக் குழலில் இட்டு, புறாவின் வால் இறகில் கட்டினர். இம்முறையால் ஒரே புறா பல்லாயிரம் செய்திகளைச் சுமக்க முடிந்தது. வழியில் பல புறாக்கள் மாண்டுபோகும் என்பதனால், ஒரே தொகுதியைப் பல புறாக்களிடம் கொடுத்தனர். பாரிசில் அப்படலங்களை விளக்கொளியால் திரையில் பெருக்கிக் காட்ட, எழுத்தர்கள் பார்த்துப் படியெடுத்தனர். அனுப்புமிடத்தில் சுருக்குவதும் பெறுமிடத்தில் விரிப்பதும் ஒரே முறையைத் தழுவின. ஆதலால் செய்தி சிதையவில்லை. இந்தியாவின் ஒடிசா மாநிலக் காவற்றுறை 1946இல் தொடங்கிய புறாத் தூதும், வெள்ளத்தாலும் புயலாலும் தொடர்பு அறுந்த வேளைகளில் பயன்பட்டது.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். 1971இல் அமெரிக்கரான றே ரொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியே மடல் அனுப்பினார். 1982இல் யோன் போஸ்ரல் மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் முறைக்கு விதி வகுத்தார். அவ்விதியின்படி அஞ்சற் பாதையில் செல்லத்தக்க குறிகள் 128 மாத்திரமே. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக் குறிகளும் அதனுள் அடங்கிவிட்டன. படம் செல்லாது, ஒலி செல்லாது, தமிழெழுத்தும் செல்லாது. தமிழர் தம் தாய்க்கு மின்னஞ்சல் எழுதுவதாயினும் ஆங்கில எழுத்தைக் கடன்வாங்கியே எழுதவேண்டியிருந்தது. பாதை அத்துணை ஒடுக்கமானது.

1980ஆம் ஆண்டில் மேரி ஆன் ஹோட்டன் என்பவர், எந்தக் கோப்பையும் அப்பாதையில் செல்லக்கூடிய எழுத்துகளாக மாற்றும் செய்நிரல் ஒன்றை எழுதியிருந்தார். ஆனால், மடலின் உரை எங்கே முடிகின்றது, கோப்பு எங்கே தொடங்குகின்றது, அது படமா கணக்கா என்பவற்றையெல்லாம் பெறுபவரே ஆராய்ந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அனைவர்க்கும் பொதுவான விதி அமையவில்லை.

அவ்விதியை நதானியேல் போரென்ஸ்ரைன், நெட் பிறீட் என்னும் இருவர் 1992 யூன் மாதத்தில் வெளியிட்டனர். ‘மைம்’ என்று சுருக்கமாக வழங்கும் அது, பல்நோக்கு இணைய அஞ்சல் விரிவுகள் என்று பொருள்படும். அவ்வாண்டு மார்ச் 11ஆந் தேதி போரென்ஸ்ரைன் அனுப்பிய சோதனை மடலில், அவர் பாடிவந்த நால்வர் இசைக்குழுவின் படமும் பாட்டும் இணைந்திருந்தன. இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்டோர்க்கு, தமக்குப் பேரக்குழந்தைகள் பிறக்கும்போது அவர்களின் படங்களை மின்னஞ்சலில் பெறவேண்டும் என்று அவர் விடைசொல்லி வந்தார்.

இவ்விதி செய்வன மூன்று. முதலாவது, மடலைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கிடையே ஓர் எல்லைக்குறியை நாட்டுகின்றது; உள்ளடக்கத்தில் எங்கும் வாராத எழுத்துக்கோவையே அவ்வெல்லைக்குறியாகும். இரண்டாவது, ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் அஃது உரையா, படமா, ஒலியா, ஆவணமா என்று வகை கூறுகின்றது. நயினாதீவுக் கல்வெட்டு, யானை ஏற்றிய கலத்தையும் சரக்கு ஏற்றிய கலத்தையும் வேறுபடுத்தியமை போன்றது இது. மூன்றாவது, சுமையைப் பாதைக்கேற்ப மாற்றுகின்றது. கணினிக் கோப்பின் சிற்றலகு பைட்டு எனப்படும். ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டுகள். மூன்று பைட்டுகளைச் சேர்த்தால் இருபத்துநான்கு பிட்டுகள். அவற்றை ஆறு ஆறாகப் பகுத்தால் நான்கு கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும், பாதை ஏற்கும் 64 குறிகளுள் ஒன்று வழங்கப்படும். எனவே மூன்று பைட்டு நான்கு எழுத்தாகின்றது. 9 மெகாபைட்டுக் கோப்பு ஏறக்குறைய 12 மெகாபைட்டாகப் பெருக்கின்றது. புறாவுக்காகச் சுருக்கினர், மின்னஞ்சலுக்காகப் பெருக்கினர். நோக்கம் ஒன்றே: சுமப்பவன் தாங்கும் வடிவில் சுமையை அமைத்தல். இவ்வழி திறந்தபின்னரே தமிழெழுத்தும் தன் வடிவத்தோடு மின்னஞ்சலில் பயணஞ்செய்யப் பாதை பிறந்தது.

உலகம் மடலோடு படம் அனுப்பக் கற்ற அந்த 1992ஆம் ஆண்டில், யாழ்ப்பாணக் குடாநாடு போரினிடையே மின்சாரமும் தொலைபேசியும் இன்றி இருந்தது. இலங்கையில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995இல் தொடங்கியபோதும் வடபுலத்து மக்கள் அதன் பயனைப் பெறவில்லை. தீவகத்தவர் பலர் அக்காலத்தில் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிற் குடியேறினர். பிள்ளைகள் ஒரு நாட்டிலும் பெற்றோர் மற்றொரு நாட்டிலும் உறுதிப் பத்திரம் மூன்றாம் இடத்திலுமாகச் சிதறிய குடும்பங்களுக்கு, மடலோடு வரும் ஆவணப் பிரதி எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை.

இவ்வேலையைச் செய்நிரல் தானே செய்வதெங்ஙனம்? பைதன் முதலிய கணினி மொழிகளில் இதற்கெனக் கருவித் தொகுதிகள் உள்ளன. அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகியவற்றை முதலில் எழுதவேண்டும், உரையைச் சேர்க்கவேண்டும், கோப்பைத் திறந்து அதன் பைட்டுகளை உள்ளவாறே வாசிக்கவேண்டும், வகையையும் பெயரையும் குறித்து இணைக்கவேண்டும், ஈற்றில் அஞ்சற் சேவையகத்திடம் ஒப்படைக்கவேண்டும். சில வரிகளில் அடங்கும் வேலை இது. அதனாலேயே கவனக்குறைவுக்கும் இடமாகின்றது.

கோப்பு உரிய இடத்தில் இல்லாதபோதும் “இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது” என்ற மடலை அனுப்பிவிடும் செய்நிரல்கள் உண்டு. அதனிலும் பெரிய பிழையொன்று உண்டு. பலருக்கு அனுப்பும்போது, ஒவ்வொருவருக்கும் புது மடல் படைக்காமல், ஒரே மடலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், முன்னவருடைய இணைப்பு அகலாது பின்னவருடைய இணைப்போடு சேர்ந்துகொள்ளும். முதலாமவருடைய மருத்துவ அறிக்கை இரண்டாமவருக்குச் செல்லும். மூன்றாமவருக்கு இருவருடையவையும் செல்லும். பழைய குழலை அவிழ்க்காமல் புதிய குழலையும் கட்டிப் புறாவைப் பறக்கவிடுதல் போன்றது இது. பறந்த புறாவைப் போலவே, சென்ற மின்னஞ்சலையும் மீட்டல் அரிது.

சுமையின் வகையைப் பொய்யாகக் கூறினால் நேருவதையும் உலகம் கண்டது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், காதல் மடல் என்ற பெயருடைய இணைப்பொன்று உலகெங்கும் மின்னஞ்சலில் பரவியது. பார்வைக்கு அது வெறும் உரைக்கோப்பாகத் தோன்றியது. உண்மையில் அது ஒரு செய்நிரல். திறந்தவருடைய கணினியிலுள்ள முகவரிகளுக்கெல்லாம் அது தானே மடல் எழுதி, தன்னையே இணைத்து அனுப்பிற்று. கணினிகளிலிருந்த பல கோப்புகளையும் அழித்தது. தானே இணைப்பு அனுப்பும் ஆற்றல், நன்மைக்குப் பயன்படுவது போலவே தீமைக்கும் பயன்படும் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆதலால், இத்தகைய செய்நிரலை எழுதுவோர் பழைய எழுத்தர்களின் ஒழுக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும். கோப்பு இருக்கின்றதா, வெறுமையானதன்றா என்று பார்த்தபின்னரே மடலை அமைக்கவேண்டும். கோப்பிலுள்ள பெயரும் மடல் பெறுவோரின் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடவேண்டும். ஒவ்வொருவருக்கும் புது மடலே படைக்கவேண்டும். இணைக்க முடியாவிடின், அனுப்பாது நிறுத்தி, பொறுப்பாளருக்கு அறிவிக்கவேண்டும். எதை, யாருக்கு, எப்போது அனுப்பியது என்ற பட்டியலையும் வைத்திருக்கவேண்டும். ஒல்லாந்த எழுத்தன் இறகுப் பேனாவால் செய்ததும் இதுவே.

நெடுந்தீவின் புறாக்கூட்டில் இன்று தூதுப்புறாக்கள் இல்லை. அத்தீவிலுள்ள மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியில் மடலொன்றைத் திறந்து, அதனோடு வந்த தாளைத் தரவிறக்கி, விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன் அனுப்பிவிடுகின்றாள். வள்ளமும் காற்றும் அவளைத் தடுக்கவில்லை. ஆயின், அந்த இணைப்பு விடுபட்டிருந்தாலோ, வேறொருத்தியின் தாளாக இருந்தாலோ, அவள் மறுநாட் காலை வள்ளத்துக்குக் காத்து நிற்கவேண்டியவளே. தொலைவிலுள்ள ஒரு கணினியில் சில வரிகளைக் கவனமாக எழுதிய ஒருவரால் அவளுக்கு அந்தக் கடற்பயணம் மிஞ்சுகின்றது.