கத்தி இல்லாத பிரேதப் பரிசோதனை

ஒருவர் மர்மமாக இறந்துபோனால் போலீஸ் வரும், பிரேதப் பரிசோதனை நடக்கும். சென்னையானாலும் சரி, ஏற்காடு மலையில் உள்ள கொட்டச்சேடானாலும் சரி, வீட்டார் கெஞ்சுவது ஒன்றைத்தான்: "அறுக்காமல் கொடுத்துவிடுங்கள் ஐயா!" இந்தக் கெஞ்சலுக்குக் கணினி இன்று பாதி பதில் சொல்லியிருக்கிறது. மீதிப் பாதி என்ன ஆயிற்று? அதைத் தெரிந்துகொள்ளச் சென்னையின் பழைய கதை ஒன்று உதவும்.

புனித ஜார்ஜ் கோட்டையின் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் 1693-ல் இறந்தார். ஆர்சனிக் விஷம் என்று சந்தேகம். ஆகஸ்ட் 28 அன்று டாக்டர் எட்வர்ட் பல்க்லி அவர் உடலை அறுத்துப் பார்த்தார். சட்ட விசாரணைக்காக இந்தியாவில் நடந்ததாகப் பதிவாகியுள்ள முதல் பிரேதப் பரிசோதனை இதுதான்!

அதன்பின் முந்நூறு ஆண்டுகள் கத்திதான் ஒரே வழியாக இருந்தது. 1990-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபர், மைக்கேல் தாலி ஆகியோரின் குழு புது வழி கண்டது. அதன் பெயர் 'விர்டாப்சி'. சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் குண்டையும் காட்டும். எம்.ஆர்.ஐ. தசைக் காயங்களைக் காட்டும். உடலின் மேற்பரப்பையும் ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் கணினியில் சேர்த்தால் முப்பரிமாண உடல் தயார். காயத்தின் வடிவமும் ஆயுதத்தின் வடிவமும் பொருந்துகின்றனவா என்று திரையிலேயே பார்க்கலாம். உடலை எரித்த பிறகும் இந்தப் படம் இருக்கும், வேறொரு டாக்டர் மறுபடி ஆராயலாம்.

2014-ல் ஜூரிச் ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குற்றம் நடந்த இடத்திலேயே நிற்பதுபோல் குண்டு வந்த பாதையைப் பார்க்கும் முறையை உருவாக்கினார்கள்.

நம் நாட்டில் 2021 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மெய்நிகர் பிரேதப் பரிசோதனை மையம் திறக்கப்பட்டது.

அப்படியானால் கத்திக்கு விடை கொடுத்துவிடலாமா? முடியாது. காரணம், வீலரின் கதையிலேயே இருக்கிறது. ஸ்கேன் எலும்பைக் காட்டும், ரத்தக் கசிவைக் காட்டும். ஆனால் உடலில் கலந்த விஷம் எது, எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு உள்ளுறுப்பிலோ ரத்தத்திலோ கொஞ்சம் எடுத்து ரசாயனக் கூடத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். சென்னையில் 1849-ல் தொடங்கப்பட்ட ரசாயனப் பரிசோதனைக் கூடம்தான் வளர்ந்து இன்றைய தடய அறிவியல் துறை ஆனது.

விபத்தில் இறந்தவரின் வீட்டாருக்கு இந்தத் தொழில்நுட்பம் பெரிய ஆறுதல் தரலாம். விஷச் சாவு என்றால் மட்டும், பல்க்லி எடுத்த கத்தி இன்றும் தேவைப்படுகிறது.