ரெண்டு காய்ப்புழு, ஒரு பருத்திக்காடு

போன மாசம் காட்டுல ஒரு பருத்திக்காயைப் பறிச்சுப் பிளந்தேன். வெளியே ஒரு ஓட்டைகூட இல்லை. உள்ளே விதையைத் தின்னுக்கிட்டு ஒரு ரோஸ் கலர் புழு. நகரத்து நண்பர்கள் "பி.டி. பருத்தியில புழு வராதுன்னாங்களே?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் ரெண்டு அந்துப்பூச்சிகளின் கதையில் இருக்கிறது.

முதலாவது, அமெரிக்கன் காய்ப்புழு. பேர்தான் அமெரிக்கன். பிறப்பால் நம்ம பக்கத்துப் பூச்சி. பிரேசிலில் இது இருப்பதே 2013ல்தான் உறுதியானது. தலையைக் காய்க்குள் நுழைத்து, உடம்பை வெளியே விட்டுத் தின்னும். ஒரு காயோடு நிற்காது. துவரை, கடலை, தக்காளி எதையும் விடாது. மருந்தடித்து மருந்தடித்து அதுக்கு மருந்தே பழகிப்போச்சு. 1987ல் ஆந்திராவில் பருத்தி விவசாயிகளை இது கடனில் தள்ளியது.

இரண்டாவது, இளஞ்சிவப்புக் காய்ப்புழு. 1840களில் குஜராத்தின் பரூச்சிலிருந்து போன பூச்சியை வைத்துத்தான் சாண்டர்ஸ் என்பவர் இதை முதலில் விவரித்தார். பொறித்ததும் இளங்காய்க்குள் போய்விடும். போன வழியும் மூடிக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்து போய்ச் சேரும்? இதுக்குப் பருத்திதான் பெரும்பாலும் சோறு.

2002ல் பி.டி. பருத்தி வந்தது. முதல் புழு அடங்கியது, உண்மை. ஆனால் ரெண்டாவது புழுவுக்கு வேறு சோறு இல்லாததால், தலைமுறை தலைமுறையாக அதே நஞ்சைத் தின்று பழகிக்கொண்டது. 2010ல் குஜராத்தில் முதல் ரக பி.டி.யைத் தாண்டியது தெரிந்தது. 2015ல் அங்கேயே ரெண்டு மரபணு வைத்த ரகத்திலும் புகுந்தது.

மெட்ராஸ் மாகாணத்தில் 1919லேயே பயிர்ப்பூச்சிச் சட்டம் போட்டு, கம்போடியா பருத்தி விளைந்த ஊர்களில் குறித்த தேதிக்குள் பருத்திமாரைப் பிடுங்கச் சொன்னார்கள். காடு கொஞ்ச நாள் காலியா கிடந்தா புழு பட்டினி கிடக்கும், அவ்வளவுதான் கணக்கு. எங்க தாத்தா மாசியிலேயே மாரைப் பிடுங்கி அடுப்பெரிப்பார். நானோ போன வருஷம், விலை நல்லா இருக்கேன்னு இன்னொரு எடுப்புக்கு ஆசைப்பட்டு சித்திரை வரை செடியை விட்டேன். கிடைச்சது ஒன்றரை மூட்டை. அந்தப் புழுவுக்கு ரெண்டு மாசம் சோறு போட்டதும் நான்தான்.

இந்த வருஷம் மாசிக்குள்ள பிடுங்கிருவேன். பக்கத்துக் காட்டுக்காரரும் பிடுங்கணும். அவர்கிட்ட இனிமேதான் பேசணும்.