தென்பாண்டிக் காவல் முறையும் இடர் மதிப்பீடும்
(சீவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தைச் சார்ந்த ஓர் ஆய்வு)

வன்முறையால் ஒரு வட்டாரத்திற்கு நேரக்கூடிய இடரை முன்னரே அளந்தறிந்து காவல் வகுக்கும் முயற்சி, இக்காலப் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் புதிதாகக் கண்டதன்று. மதுரைக்காஞ்சி நள்ளிரவில் உலவும் ஊர்காப்பாளரைப் பாடுகின்றது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்பது ஒரு வரியின் பெயராகவே வழங்குகின்றது. காவல் ஒரு பணி. அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை உறுதி செய்பவர் யார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பாளையக்காரர் காலத்தில் சேற்றூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் முதலிய பாளையங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருந்தன. இவ்வட்டாரத்தில் காவல் இருவகைப்பட்டது. ஊரளவில் நின்றது தலக்காவல். பல ஊர்களைத் தழுவிப் பாளையக்காரர் கொண்டிருந்தது திசைக்காவல். ஊரார் தானியமாகவோ பணமாகவோ காவற்கூலி அளித்தனர். களவு போன பொருளைக் காவலர் மீட்டுத் தரவேண்டும். தவறின் ஈடு செய்யவேண்டும். இழப்பு தம்மைச் சாருமாதலின், எவ்வழி அச்சமுடையது, எம்மந்தை காப்பற்றது என்பதனைக் காவலர் அறிந்திருத்தல் இன்றியமையாததாயிற்று. இது மதிப்பீட்டின் நற்கூறு.

ஆயின் இம்முறைக்கு மற்றொரு முகமும் உண்டு. கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடுகள் மறைந்தன, வைக்கோற்போர்கள் எரிந்தன. மறைந்த மாட்டை மீட்கத் ‘துப்புக்கூலி’ கேட்கப்பட்டது. இடரை அளப்பவரும், அவ்விடரை விளைவிக்க வல்லவரும், அதனால் ஊதியம் பெறுபவரும் ஒருவரேயாயினர். அச்சம் குறைந்தால் கூலியும் குறையும் என்னும் நிலையில் அச்சத்தைக் குறைக்க யார் முன்வருவர்?

கும்பினியாரின் நோக்கு வேறு. 1783-இல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சி மீதும் சிவகிரி மீதும் படை நடத்தினார். கோட்டை, காடு, ஆயுதந்தாங்கியோர் தொகை ஆகியவையே இத்தகைய படைத்தலைவர்களுக்கு இடரின் அளவுகோல்களாயின. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 டிசம்பரில் கிளைவு பிரபு வெளியிட்ட அறிக்கை ஆயுதங்களைத் தடைசெய்தது. கோட்டைகள் வீழ்ந்தன, எனினும் ஊர்க்காவல் வழக்கு மறையவில்லை. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீசு அமைந்த பின்னரும் அது நீடித்தமையைப் பேட்டு 1917-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட விவரத்தொகுப்பால் அறியலாம்.

புதிய போலீசு முறையின் மதிப்பீட்டுத் திறனைச் சோதித்தது 1899-ஆம் ஆண்டு. சீவில்லிபுத்தூர்க்குக் கிழக்கே, அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த சிவகாசியில், கோயில் நுழைவு பற்றிய சாதிப் பூசல் சில ஆண்டுகளாக முற்றிவந்தது. சுற்றூர்களில் தாக்குதல்கள் முன்னரே தொடங்கிவிட்டன. சூன் 6-ஆம் நாள் பல ஊர்களிலிருந்து திரண்ட ஆயிரக்கணக்கானோர் சிவகாசியின் நாடார் குடியிருப்புகளைத் தாக்கினர். உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன. பின்னரே படை வந்தது. பல நூற்றுவர் தண்டிக்கப்பட்டனர். வரி விதித்துச் சிறப்புக் காவற்படை நிறுத்தப்பட்டது. அறிகுறிகள் இல்லாமையால் இக்கேடு விளைந்ததன்று. கண்ட அறிகுறிகள் உரிய காலத்தில் போதிய காவலாக மாறாமையே காரணம் எனல் பொருந்தும்.

இவ்வட்டாரம் 1910-இல் இராமநாதபுர மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கியது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்கையால் வரும் கேட்டோடு மனிதரால் வரும் கேட்டையும் பேரிடர் என வகுக்கின்றது. மாவட்டத் திட்டத்தில் இடருக்கு இலக்காகும் பகுதிகளைக் குறித்தல் வேண்டும் என்பதும் அதன் விதி. ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் திரளும் கூட்டமும், இராசபாளையத்து நூற்பாலைகளும் அத்தகைய கணிப்பில் நோக்கத்தக்கன.

மாவட்ட ஆணையத்திற்கு ஆட்சித்தலைவர் தலைவர்; மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சித் தலைவர் இணைத்தலைவர்; காவற் கண்காணிப்பாளர் உறுப்பினர். காவற்கூலி கொடுத்த ஊராருக்கு அக்கூலியை உறுதி செய்யும் அவையில் இத்தகைய இடம் இருந்ததில்லை. அவ்விடம் பெயரளவில் நின்றுவிடின், மிகைப்படுத்திய அச்சமும் புறக்கணித்த அறிகுறியும் மீண்டும் தோன்றக்கூடும். இடரை அளப்பவர் அதனால் ஊதியம் பெறாதவராதல் வேண்டும். அளந்தது உரிய காலத்தில் செயலாதல் வேண்டும். இவ்விரண்டுமே தென்பாண்டிக் காவல் வரலாறு உணர்த்தும் முடிபுகளாம்.